மேசை டிராயரில் பனடோல்: பள்ளியில் சுயமருத்துவம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உள்ள பள்ளிகளின் பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஆகியோர் வழக்கமாகக் கேட்பவை இவை. மருந்தே வேண்டாம் என்பது எங்கள் நிலை அல்ல. தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பெட்டியின் மேலிருக்கும் பெயரை மட்டும் நம்பி, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பார்க்காமல் விழுங்குவதில்தான் சிக்கல்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

எது சுயமருத்துவம்? கிளினிக்கில் கொடுத்த மருந்தைச் சாப்பிடுவதும் அதில் சேருமா?

உங்களுக்காக, இந்த முறை வந்த நோய்க்காகக் கொடுத்ததைச் சொன்னபடி சாப்பிட்டால் சேராது. போன வருடம் மிஞ்சியதை இந்த வருட இருமலுக்கு எடுத்தால் சேரும். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கைக்குக் கொடுத்தாலும், ஆசிரியர் அறையில் "இந்தாங்க டீச்சர், எனக்கு இதுதான் கேட்டுச்சு" என்று ஒரு அட்டையை நீட்டினாலும் சேரும்.

நம் நாட்டில் தனியார் கிளினிக்குகள் மருந்தையும் தாங்களே கொடுத்துவிடுகின்றன. அதனால் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் சிறு பிளாஸ்டிக் பைகள் குவிந்திருக்கும். பல பைகளில் மலாயில் "வலி நிவாரணி", "காய்ச்சல் மருந்து" என்பதுபோல் எழுதியிருப்பதுதான் கண்ணில் படும். மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் மங்கிப்போயிருக்கும். பெயர் தெரியாத மாத்திரையை யாரும் சாப்பிடக் கூடாது. "உபாட் தெர்கவால்" என்று அச்சிட்டிருந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பையில் எழுதியுள்ள பெயருக்கு உரியவர் மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும்.

பனடோல் பாதுகாப்பானதுதானே? எத்தனை போடலாம்?

அளவோடு இருக்கும்வரை பாதுகாப்பானதுதான். அதன் உள்ளே இருப்பது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1,000 மி.கி. வரை, அதாவது சாதாரண மாத்திரையில் ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் உச்சம், அதாவது 8 மாத்திரை. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும், தொடர்ந்து மது அருந்துபவர்களும் அந்த உச்சத்தை நெருங்கவே கூடாது.

தவறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. காலையில் காய்ச்சலுக்கு இரண்டு பனடோல். பத்து மணிக்கு மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை. மதியம் கிளினிக் பையிலிருந்து காய்ச்சல் மருந்து. இரவு சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் சளிப் பொடி. இந்த நான்கிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்புண்டு. சாப்பிட்டவரோ நான்கு வெவ்வேறு மருந்து என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மில்லிகிராமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பனடோல் எக்ஸ்ட்ராவில் 500 மி.கி. பாராசிட்டமாலுடன் 65 மி.கி. காஃபின் இருக்கிறது. மெதுவாகக் கரையும் வகையில் ஒரு மாத்திரை 665 மி.கி. ஊரிலிருந்து வரும் டோலோ 650-இல் 650 மி.கி. "எப்போதும் இரண்டுதானே போடுவேன்" என்று அதிலும் இரண்டு போட்டால் ஒரே வேளையில் 1,300 மி.கி. உள்ளே போய்விடும்.

அளவு மீறினால் உடனே தெரியாது என்பதுதான் இதில் மிகவும் கொடியது. முதல் நாளில் லேசான குமட்டலோடு ஆள் நன்றாகவே இருப்பார். கல்லீரலில் உண்டாகும் நச்சுப்பொருளை முறிக்கும் குளூட்டதயோன் தீர்ந்த பிறகே செல்கள் சாகத் தொடங்கும். மஞ்சள் காமாலையும் வயிற்று வலியும் வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். மாற்று மருந்து உண்டு, அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். ஆனால் விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். "ஒன்றும் ஆகவில்லையே, நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது அந்த வாய்ப்பை வீணாக்கிவிடும்.

பிள்ளைக்குச் சிரப் எத்தனை மி.லி. கொடுப்பது?

வயதை வைத்து ஊகிக்காமல் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு அதிகபட்சம் நான்கு வேளை.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 200 முதல் 300 மி.கி. தேவை. கடையில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. முதல் பாட்டிலில் 10 மி.லி. கொடுத்தால் 240 மி.கி., சரியான அளவு. பழக்கத்தில் அதே 10 மி.லி.யை இரண்டாவது பாட்டிலிலிருந்து கொடுத்தால் 500 மி.கி. ஆகிவிடும். நாளுக்கு நான்கு வேளை அப்படிக் கொடுத்தால் 2,000 மி.கி.; 20 கிலோ பிள்ளைக்கு அது அபாயமான அளவு. பாட்டி வீட்டில் ஒரு பாட்டில், நம் வீட்டில் இன்னொன்று என்று இருக்கும்போது இது எளிதாக நடந்துவிடும். பாட்டிலின் மேல் அந்தப் பிள்ளையின் பெயரையும் கொடுக்க வேண்டிய மி.லி. அளவையும் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அளவு சிரிஞ்ச் எந்த மருந்தகத்திலும் கிடைக்கும்.

காய்ச்சல் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா? மதியம்வரை தாங்குமே!

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது ஏன் நடக்கிறது என்பது புரிகிறது. ஆனாலும் வேண்டாம். மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குறைந்து, பிள்ளைக்குப் பள்ளியிலேயே மறுபடி காய்ச்சல் ஏறும். காலையில் என்ன கொடுத்தீர்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. அவரும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் இரட்டை அளவு. இன்ஃபுளுவென்சாவாக இருந்தால் வகுப்புக்கே பரவும்.

இவற்றைவிடப் பெரிய கவலை டெங்கி. நம் ஊரில் டெங்கி ஆண்டு முழுவதும் இருக்கிறது. எந்தக் காய்ச்சலையும் டெங்கியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் பார்க்க வேண்டும். டெங்கி இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுபுரோஃபன், மெஃபெனமிக் ஆசிட் (போன்ஸ்தான்), டைக்ளோஃபெனாக் ஆகிய வலிமாத்திரைகள் எதுவும் கூடாது. டெங்கியில் இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் குறையும். இந்த மருந்துகள் தட்டுகளின் வேலையையும் கெடுத்து, வயிற்றையும் புண்ணாக்கி, இரத்தக் கசிவை வரவழைக்கும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. ஃபுளூ, அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலில் ரேய் நோய்க்குறி என்ற மூளை, கல்லீரல் பாதிப்பை அது உண்டாக்கலாம். டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான்.

காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டான் என்று நம்புவதுதான் இன்னொரு பிழை. டெங்கியில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைதான், இரவு இரண்டு மணியாக இருந்தாலும் சரி. பப்பாளி இலைச்சாறு கொடுக்கும் வீடுகள் உண்டு. கொடுப்பவர்கள் அதை இரத்தப் பரிசோதனைக்கு மாற்றாக நினைக்கக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பாருங்கள். அரசாங்க கிளினிக் கெசிஹத்தானில் குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

வகுப்பில் தலைவலி என்று வரும் மாணவருக்கு ஆசிரியர் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அக்கறையில்தான் கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் அவருடைய எடை, ஒவ்வாமை, காலையில் விழுங்கியது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கொடுங்கள், எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள், நிழலில் படுக்க வையுங்கள், சூடு பாருங்கள், வீட்டுக்கு அழையுங்கள். காலைப் பசியாறாமல் வந்து, வெயிலில் சபைகூடல் நின்ற பிள்ளையின் தலைவலி பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

டாக்டர் எழுதிய மருந்தைப் பள்ளி நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், பெற்றோரின் கடிதம் வேண்டும். மருந்து அதன் சொந்தப் பையிலோ பெட்டியிலோ பெயர், அளவு, நேரம் தெரியும்படி வர வேண்டும். கொடுத்த நேரத்தை ஒரு புத்தகத்தில் எழுதி, கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். கைக்குட்டையில் முடிந்து அனுப்பிய வெள்ளை மாத்திரையை யாரும் ஏற்கக் கூடாது.

ஆஸ்துமா இதற்கு விதிவிலக்கு. நீலநிற சல்பியூட்டமால் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், அது பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வழியாக ஒரு அழுத்து, பிறகு நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்து. நான்கு நிமிடம் பாருங்கள். தணியவில்லையென்றால் 999-ஐ அழைத்துவிட்டு மறுபடி நான்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை இதைத் தொடருங்கள். சொந்த இன்ஹேலர் கையில் இல்லாமல் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு, வேறொருவரின் நீல இன்ஹேலரைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

போன முறை கொடுத்த ஆன்டிபயாடிக் மீதி இருக்கிறது. அதே தொண்டை வலிதானே?

தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அமோக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குக்கு வைரஸோடு வேலையே இல்லை. மூன்று மாத்திரை மீதி இருந்தால், அந்த மூன்று மாத்திரையில் தொற்று தீராது; பலவீனமான கிருமி செத்து, தாக்குப்பிடிக்கும் கிருமி மிஞ்சும். வகுப்பறையில் அது அடுத்த பிள்ளைக்குப் போகும். வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் இலவச இணைப்பு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள நண்பனுக்குப் பகிர்ந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

கரைத்த ஆன்டிபயாடிக் சிரப், மருந்தைப் பொறுத்து 7 முதல் 14 நாளில் வீரியம் இழக்கும். குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்பதால் அடுத்த மாதத்துக்கு உதவாது.

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. அதை ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு விழுங்குங்கள், அரை மணி நேரம் படுக்காதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் தூங்கப்போனால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கக்கூட முடியாது.

மாதவிடாய் வலிக்குத் தோழி கொடுக்கும் மாத்திரையைப் போடலாமா?

தோழி கொடுப்பது பெரும்பாலும் மெஃபெனமிக் ஆசிட். அது நல்ல மருந்துதான், உங்களுக்கு ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் கூடாது, காரணம் மேலே சொன்ன டெங்கிதான். உங்களுக்கென மருந்தாளரிடமோ டாக்டரிடமோ ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வலி முற்றிய பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும், ஏனெனில் வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் சுரப்பதையே அது தடுக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டாலோ, மாதந்தோறும் பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் அளவுக்கு வலித்தாலோ, அதை "எல்லாருக்கும் வருவதுதான்" என்று அம்மாமார்கள் விட்டுவிடக் கூடாது.

ஆசிரியர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கங்கள் எவை?

முதலாவது, தினமும் தலைவலி மாத்திரை. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலிமாத்திரையையோ, 10 நாள் அல்லது அதற்கு மேல் காஃபின் அல்லது கோடெய்ன் கலந்ததையோ மாதக்கணக்கில் எடுத்துவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். விட்டால் வலிக்கும், போட்டால் சிறிது நேரம் அடங்கும், மறுபடி வலிக்கும். அதிலிருந்து வெளியே வர டாக்டரின் துணை வேண்டும்.

இரண்டாவது, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்கள் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் தாங்களாகவே டைக்ளோஃபெனாக் போடுவது. அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைச் சோதிக்கும். 'காஸ்ட்ரிக்' என்று அதற்கும் ஒரு மாத்திரை சேரும். வலி மாத்திரைதான் காஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தது என்பது யாருக்கும் தோன்றாது. மலம் தார் போல் கறுப்பாகப் போனால் வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூக்கடைப்பு மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. மூக்கடைப்பை நீக்க மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், விட்டதும் மூக்கு முன்னைவிட அடைத்துக்கொள்ளும். பைரிட்டோன் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலையில் பாலம் ஏறி மோட்டார் ஓட்டாதீர்கள், தூக்கம் கண்ணைச் சொருகும்.

குரல் கம்மினால் மருந்தைவிட ஓய்வுதான் பலன் தரும். தொண்டைக்கு என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு நாளில் குரல் வந்துவிடலாம், சர்க்கரையும் அழுத்தமும் கூடவே ஏறும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது வாங்கிவந்த மருந்துகள்?

சென்னையில் கேட்டதும் கொடுக்கிறார்கள், விலையும் மலிவு; பெட்டி நிறைய வருகிறது. பாராசிட்டமாலில் உள்ள 650 மி.கி. சிக்கலைச் சொல்லிவிட்டோம். இன்னும் இரண்டு.

வயிற்றுப்போக்குக்கான உப்புப் பொடி: இங்கே கிளினிக்கில் தரும் பொட்டலம் பெரும்பாலும் 250 மி.லி. தண்ணீருக்கு. இந்தியாவிலிருந்து வரும் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அதை ஒரு குவளையில் கரைத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு உப்பு. இரத்தத்தில் சோடியம் ஏறிப் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவை மட்டுமே பின்பற்றுங்கள்.

முகம் வெளுக்கும் கிரீம்: பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகள் கலந்தவை. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, பரு கொட்டி, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் விடமுடியாமல் தொடர்வார்கள். இங்கேயே இணையத்தில் விற்கப்படும் சில கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் இதில் மாட்டுவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. கறுப்பு ஒரு நோய் அல்ல என்று வீட்டில் உரக்கச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு இல்லைதானே?

இஞ்சி, சுக்கு, மஞ்சள் பால் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை வேறு. மூட்டுவலிக்கு "ஒரே நாளில் கேட்கும்" என்று விற்கப்படும் ஜாமு, மஜூன் வகைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், இளைக்கும் காப்பிகளில் தடைசெய்யப்பட்ட பசியடக்கும் மருந்தான சிபுட்ராமினும் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கற்பூரத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறு துண்டை விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீட்டில் துணி அலமாரியில் நாப்தலீன் உருண்டை போடவே கூடாது, அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பிறந்தபோது செய்த பரிசோதனை முடிவு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

எஸ்.பி.எம். மாணவர்கள் விழித்திருக்கவும் தூங்கவும் மருந்து தேடுகிறார்களே?

காஃபின் மாத்திரை, எனர்ஜி பானம், பனடோல் எக்ஸ்ட்ரா மூன்றும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், படித்தது மனதில் நிற்காது. பிறகு தூங்குவதற்கு அலர்ஜி மாத்திரை. மறுநாள் தேர்வு மண்டபத்தில் மந்தமாக உட்கார்ந்திருப்பார்கள். பாட்டியின் தூக்க மாத்திரையை எடுப்பது இதைவிட மோசம். அது பழக்கமாகும், பழகியபின் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

இருமல் சிரப்பை மொத்தமாகக் குடிப்பதும், போதை தரும் கெத்தும் இலைத் தண்ணீரில் கலப்பதும் வட மாநிலங்களில் பழைய தொல்லை. கோடெய்ன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், தூக்கம் தரும் அலர்ஜி மருந்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கெத்தும் 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. கழிப்பறையில் காலிச் சிரப் பாட்டில்கள், சிறுத்துப்போன கண்மணி, காலை வகுப்பிலேயே தூங்கி வழிவது ஆகியவற்றைக் கண்டால் முதலில் ஆலோசக ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். தண்டனை மட்டும் கொடுத்தால் அடுத்த முறை மறைத்துக் குடிப்பார்கள்.

மருந்து அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து ஏ (A) என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் (X) என்றால் அப்படியே வாங்கக்கூடியது, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் (N) என்றால் ஊட்டச்சத்துப் பொருள். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டுப் பெயரும் தயாரிப்பாளரும் பொருந்துகிறதா பாருங்கள், எண்ணையே திருடி அச்சிடுபவர்கள் உண்டு. பாசார் மாலாமிலும் டிக்டாக் நேரலையிலும் மாத்திரை வாங்க வேண்டாம். மருந்தகத்தில் மருந்தாளர் இருக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள், ஆலோசனைக்குக் காசு இல்லை. தொலைபேசியில் கேட்க, சுகாதார அமைச்சின் இலவச எண் 1-800-88-6722.

யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம், பால் வேண்டாம். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் 999. இல்லையென்றால் தேசிய விஷ மையத்தை அழையுங்கள்: 1-800-88-8099. அது நம் பினாங்கில்தான், அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை, எப்போது, எடை எவ்வளவு என்ற நான்கையும் கேட்பார்கள். காலி அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மாணவர் வேண்டுமென்றே விழுங்கியிருந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், பார்க்க நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவமனை. திட்டுவதற்கு அது நேரமல்ல, பக்கத்திலேயே இருங்கள். மனம் உடைந்து பேச ஆள் தேடுபவர்களுக்கு ஹீல் உதவி எண் 15555.

வீட்டில் குவிந்திருக்கும் மீதியை என்ன செய்வது?

கழிப்பறையில் கொட்டாதீர்கள், அது ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் கெசிஹத்தான் மருந்துக் கவுண்டர்களில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பெயர் தெரியாதவை, காலாவதியானவை, திறந்து 28 நாளான கண் சொட்டு மருந்து, மீந்த ஆன்டிபயாடிக் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவமனைச் சந்திப்புக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் அறை டிராயரில் இருப்பதையும் சேர்த்து.